அருஞ்சொல்லும் அரைவயிறும்

ஷேக்ஸ்பியரின் அவல நாடகங்களைப் பாடமாகக் கற்கும் மாணவர் முதலில் நாடுவது நூலிறுதியிலுள்ள அரும்பதவுரையையே. சொல்லுக்கு நேரே ஒரு பொருள். அதனை மனனஞ் செய்தால் பரீட்சைக்குப் போதும். அச்சொல் யார் வாயில், எந்தத் துன்பத்தினிடையே வழங்கிற்று என்பதை அவ்வுரை கூறுவதில்லை. 'கொரியோலேனஸ்' நாடகத்துச் சொற்கள் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

1608 அளவில் எழுதப்பெற்றதெனக் கருதப்படுவதும் 1623இல் முதன்முதல் அச்சேறியதுமான இந்நாடகம், தடியேந்தி நிற்கும் ரோமாபுரி ஏழைகளோடு தொடங்குகிறது. அவர்கள் கேட்பது 'கோர்ன்'. இன்றைய மாணவர் இதனைச் சோளமென மயங்கலாம். அக்கால இங்கிலாந்தில் கோதுமை, வாற்கோதுமை முதலாய தானியம் அனைத்துக்கும் அதுவே பெயர். இம்மயக்கம் எளிதில் தீரும்.

'டேர்த்' என்பதோ அத்தகையதன்று. பற்றாக்குறை என்று கூறி அகராதி அமைந்துவிடும். ஆனால் அதன் வேர், விலையுயர்ந்தது எனப் பொருள்படும் 'டியர்' என்ற சொல்லாகும். பண்டம் இல்லாமை மட்டுமன்று, இருந்தும் ஏழைக்கு எட்டாத விலையும் அதனுள் அடங்கும். நாடகத்தில் இச்சொல்லை எடுத்தாள்பவன் மெனீனியஸ் என்னும் உயர்குடியினன். பஞ்சத்தைத் தேவர்கள் தலையிற் சுமத்திவிட்டு, வயிற்றோடு பிணங்கிய உறுப்புகளின் கதையையும் பசித்தவர்க்குச் சொல்கிறான்! களஞ்சியங்கள் நிரம்பி வழிகின்றன, சட்டங்கள் வட்டிக்காரனுக்கே துணைநிற்கின்றன என்பது மக்களின் மறுமொழி. ஒரே சொல்லுக்கு இரு வர்க்கங்கள் இரு பொருள் கொள்கின்றன.

இவ்விடத்தில் ஷேக்ஸ்பியர் செய்த மாற்றம் கருதத்தக்கது. அவருக்கு மூலமாயமைந்த புளூட்டாக்கின் வரலாறு, 1579இல் நோர்த் என்பாரால் ஆங்கிலமாக்கப்பட்டது. அதில் மக்களின் முதற் கிளர்ச்சி கடுவட்டியை எதிர்த்தே எழுகிறது. தானியப் பிரச்சினை பின்னரே வருகிறது. நாடகமோ தானியத்தை முன்னிறுத்துகிறது. காரணம் தேட ரோமாபுரிவரை செல்லவேண்டியதில்லை. 1607இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஷேக்ஸ்பியர் பிறந்த வார்விக்ஷயர் உட்பட, குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். பயிர்நிலங்களையும் பொதுநிலங்களையும் ஆட்டுமந்தைக்காக வேலியடைத்த நிலவுடைமையாளருக்கு எதிராக அவர்கள் வேலிகளைப் பிடுங்கியெறிந்தனர். அவ்வாண்டு யூன் மாதம் நோர்தாம்ப்டன்ஷயரிலுள்ள நியூட்டன் என்னுமிடத்தில் 40 பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பர்.

மற்றொரு செய்தியும் உண்டு. தானியத் தட்டுப்பாட்டின்போது, 1598இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் எடுக்கப்பட்ட கணக்கில் ஷேக்ஸ்பியர் பெயரில் 10 குவாட்டர், அதாவது 80 புசல், மாவாற்கோதுமை இருந்ததாகப் பதிவாகியுள்ளது. அயலவர் பலரும் இவ்வாறு வைத்திருந்தனராதலின், இதுகொண்டு அவரைப் பதுக்கல்காரர் எனத் தீர்த்துவிடல் நேர்மையன்று. ஆயினும் களஞ்சியத்தின் உட்புறத்தையும் அறிந்த ஒருவரே வெளியே நின்றோரின் வழக்கை எழுதினார் என்பதை மறத்தற்கில்லை.

இந்நாடகத்தின் மிகக் கடினமான சொல், என் கருத்தில், மாணவர் எளிதெனக் கடந்துசெல்லும் 'வொயிஸ்' என்பதே. குரல் எனப் பொருள்படும் இச்சொல் இங்கு வாக்கையுங் குறிக்கிறது. கொன்சல் பதவியை நாடும் கொரியோலேனஸ், எளிய ஆடையுடுத்துச் சந்தையில் நின்று மக்களிடம் குரல்களை இரக்கவேண்டும். அவர்தம் வாயின் நாற்றத்தையே வெறுப்பவனுக்கு அதைவிட இழிவு வேறில்லை. மக்கள் குரலை அளிக்கின்றனர். தம் பிரதிநிதிகளாகிய டிரிபியூன்கள் தூண்ட, அதனை மீட்டும் பெறுகின்றனர்.

ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1950களின் முற்பகுதியில் இந்நாடகத்தைத் தழுவி எழுதத் தொடங்கினார். 1956இல் அவர் மறைந்தபின், 1964இலேயே அவரது குழுவினர் அதனை மேடையேற்றினர். பசித்த மக்கள் தோன்றும் முதற்காட்சியை ஆராய்வதற்கென்றே அவர் ஒரு தனி உரையாடலை எழுதிவைத்திருந்தார்.