ராஜா இல்லாத பலகை

சிந்துவெளிப் பாடத்தை இந்த வருஷம் நான் நடத்தவில்லை. "மொஹஞ்சதாரோவ வச்சு நீங்களே ஒரு விளையாட்டு செஞ்சு கொண்டு வாங்க" என்று ஒன்பதாம் வகுப்பிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சோம்பேறித்தனமும் உண்டு.

ஒரு குழு பழைய காலண்டர் அட்டையில் கட்டம் போட்டது. தெருக்கள், கிணறுகள், பெருங்குளம், நடுவில் அரண்மனை. முதலில் அங்கே போய்ச் சேர்பவர் ராஜா. எட்டிப் பார்த்த ஒருத்தி கேட்டாள்: "சார், அங்க அரண்மனை எங்க இருந்துச்சு? புக்குல இல்லியே."

இல்லைதான். மெசபடோமியாவில் 'ஊர்' என்றே பெயர்கொண்ட ஊரில் அரச கல்லறைகள் கிடைத்தன. மொஹஞ்சதாரோவில் 1920களிலிருந்து தோண்டியும், இது அரண்மனை, இது அரசனின் கல்லறை என்று உறுதியாகக் காட்ட ஒன்றும் இல்லை. 'பூசாரி அரசன்' சிலை 17.5 சென்டிமீட்டர் உயர மாவுக்கல் துண்டு. பூசாரி, அரசன் இரண்டுமே பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர். நானும் பதினோரு வருஷமாக அந்தப் படத்தைக் காட்டி "இவர்தான் ராஜா" என்று சொல்லிக் கடந்திருக்கிறேன். பலகையில் அப்படிக் கடக்க முடியவில்லை. காயை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று கேட்கிறார்கள்.

அரண்மனையை அழித்துவிட்டு எடைக்கற்களை வைத்தார்கள். 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் கனசதுரக் கற்கள், ஹரப்பாவிலும் லோத்தலிலும் ஒரே அளவு. ஆணையிட்டவர் யாரென்று தெரியாது, அளவு மட்டும் மாறவில்லை. செந்நிற மணிகளை எடை போட்டு 'ஊர்' வரை அனுப்புபவருக்குப் புள்ளி. பகடையை அங்கே கிடைத்த மாதிரியே களிமண்ணில் செய்தார்கள். நம் பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு. மொஹஞ்சதாரோ பகடைகளிலோ 1-க்கு எதிரே 2, 3-க்கு எதிரே 4, 5-க்கு எதிரே 6. பையன்களுக்கு இது பிடித்துப்போய், பழைய பகடையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஆட்டம் எப்படி முடியும் என்பதில்தான் சண்டை. ஒருவன் குதிரைப்படைச் சீட்டு எழுதி வந்தான். பெரும்படுகொலைக்குச் சான்று இல்லை, கி.மு. 1900-ஐ ஒட்டி மழை குறைந்து நகரங்கள் மெல்லக் காலியாயின என்றேன். சீட்டைக் கிழித்துவிட்டு, சுற்றுக்கு ஒரு மழைச்சீட்டைக் குறைத்தார்கள்.

"அப்ப யாரு சார் ஜெயிக்கிறது?"

"விளையாடிப் பாருங்க."

மூன்றாவது பீரியட் பெல் அடித்தபோது காய்கள் எல்லாம் பலகையின் கிழக்கு ஓரம் வந்துவிட்டன. கிணற்றுக் கட்டத்தில் ஒன்றே ஒன்று நின்றது. அவள் காய். "நான் போகல சார்" என்றாள்.