ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து கந்தகம்: கிளவுஸ் முறையில் வினையூக்கியின் வளர்ச்சி

சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவைச் சாதாரண உப்பிலிருந்து பெருவாரியாக ஆக்கித் தந்த லெப்ளாங்க் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் விட்னஸ், செயின்ட் ஹெலன்ஸ் முதலிய நகரங்களுக்குச் செல்வத்தோடு கால்சியம் சல்பைடு மிகுந்த கழிவுக் குன்றுகளையும் சேர்த்தே அளித்தது. ஈரம் பட்டபோதெல்லாம் அழுகிய முட்டையின் துர்நாற்றத்தோடு நச்சுவாயுவாகிய ஹைட்ரஜன் சல்பைடைக் கசியவிட்டு ஊராரை வருத்திய அக்குன்றுகளில், ஆலைக்காரர் விலைகொடுத்து வாங்கிய கந்தகத்தின் பெரும்பகுதி வீணாகப் புதைந்து கிடந்தது. அதனை மீட்கும் நோக்கத்தோடு, லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய இரசாயனி கார்ல் ஃபிரெட்ரிக் கிளவுஸ் 1883-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற முறையே, இன்று உலகெங்கும் பெட்ரோலிய ஆலைகளில் நடைபெறும் கந்தக உற்பத்திக்கு மூலமாகும். கழிவிலிருந்து கரியமில வாயுவின் உதவியால் ஹைட்ரஜன் சல்பைடை வெளியேற்றும் வழியை ஓல்ட்பரியில் அலெக்ஸாண்டர் சான்ஸ் செப்பனிட்ட பின்னரே அம்முறை தொழிலளவில் நிலைபெற்றது.

கிளவுஸின் உலையில் ஹைட்ரஜன் சல்பைடும் அளவறிந்து கலந்த காற்றும் வினையூக்கியாகிய இரும்புத் தாதுவின் படுகை வழியே செல்ல, வாயுவிலுள்ள ஹைட்ரஜன் பிராணவாயுவோடு கூடி நீராவியாகிக் கந்தகம் தனித்து நின்றது. ஆயினும் அக்கிரியையில் பிறக்கும் உஷ்ணம் மிக அதிகம். அது உலையின் சுவர் வழியே தானாகக் கசிந்து வெளியேறுவதன்றி வேறு வழியில்லாமையால், வாயுவை மிகமிக மெதுவாகவே செலுத்த வேண்டியிருந்தது. எரிப்பதும் தானே, கந்தகத்தைப் பிரிப்பதும் தானே என்று எல்லாப் பொறுப்பையும் ஒரே பதார்த்தத்தின் தலையில் சுமத்தியதே இம்முறையின் குறை என்பது என் துணிபு. பின்வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் வினையூக்கியின் கடமையை மேன்மேலும் குறுக்கியதால் விளைந்ததே.

1930-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தார் செய்த மாற்றம் இதற்கு முதற்சான்று. வாயுவில் மூன்றில் ஒரு பங்கைச் சுவாலையில் எரித்துக் கந்தக டையாக்சைடு ஆக்கி, அந்த உஷ்ணத்தைக் கொதிகலத்தில் நீராவியாகப் பயன்கொண்டு, எஞ்சிய இரு பங்கோடு அந்த டையாக்சைடு கூடுகின்ற மிதமான கிரியையை மட்டுமே அவர்கள் வினையூக்கிக்கு விட்டனர். கந்தகத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் சுவாலைப் பகுதியிலேயே கிடைத்துவிட, படுகைகளின் பாரம் பெரிதும் தணிந்தது.

அப்படுகைகளில் முதலில் இயற்கைப் பாக்ஸைட்டும், பின்னர் ஒரு கிராமுக்குள் 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பைத் துளைகளாக ஒளித்து வைத்திருக்கும் தூய அலுமினாவும் இடம்பெற்றன. பிரான்ஸின் லாக் வயலில் 1951-இல் கண்டறியப்பட்டதும், சுமார் 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு கொண்டதுமான இயற்கை வாயு போன்றவை பெருந்தொகையாக வந்தபோது, சிறு இழப்பும் பெருங்குற்றமாயிற்று. உஷ்ணம் குறையக் குறையச் சமநிலை கந்தகத்தின் பக்கம் சாய்கிறது. மிகக் குறைந்தாலோ கந்தகம் திரவமாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. சுவாலையில் உண்டாகும் கார்பனைல் சல்பைடும் கார்பன் டைசல்பைடும் சிதைவதற்கோ முதற்படுகை 300 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தாக வேண்டும். ஆங்கே தப்பி வரும் பிராணவாயு அலுமினாவின் மேற்பரப்பைச் சல்பேட்டாக்கி அதன் திறனைக் கெடுக்கிறது. இவ்விடர்களுக்கு ஈடுகொடுத்தவை, சல்பேட்டால் எளிதில் நலிவுறாத டைட்டானியாவும், பிராணவாயுவைத் தானே கவர்ந்துகொள்ளும் இரும்பு ஏற்றிய அலுமினாவுமாம். பழைய பாக்ஸைட்டில் மாசாகக் கலந்திருந்த இரும்பும் டைட்டானியமும் தனித்தனிக் கடமை பூண்டு மீண்டும் வந்தமை கருதத்தக்கது.

மூன்று படுகைகளைக் கடந்த பின்னும் சமநிலையின் தளையால் கந்தகத்தில் இரண்டு மூன்று சதவீதம் எஞ்சி நின்றது. 1988-இல் ஜெர்மனியில் முதன்முதலாகத் தொழிலளவில் இயங்கிய சூப்பர்கிளவுஸ் முறையில், முன்படுகைகளில் ஹைட்ரஜன் சல்பைடு வேண்டுமென்றே சற்று மிகுதியாக விடப்பட்டு, இறுதிப்படுகையில் இரும்பு, குரோமியம் ஆக்சைடுகளின் துணையால் காற்றோடு சேர்ந்து நேரே கந்தகமாயிற்று. மீட்பு 99 சதவீதத்தை எட்டியது. கிளவுஸ் தொடங்கிய அதே நேரடிக் கிரியைதான் இது. ஆயினும் இப்போது அதற்கு விடப்பட்டது சிறு எச்சம் மட்டுமே. விளைந்த கந்தகம் நீராவியோடு கூடித் திரும்பவும் பழைய வாயுவாகிவிடாதபடி, அலுமினாவிலே இதுகாறும் விரும்பிப் பெருக்கிய உட்பரப்பை இங்கே வேண்டுமென்றே சுருக்கினர்.