நீராவிக் குளியல்

ஈரம் நிறைந்த சூடான காற்றில் உடலைச் சிறிது நேரம் வைத்து வியர்க்கச் செய்யும் முறை நீராவிக் குளியல். மூடிய அறையிலோ, தலை மட்டும் வெளியே நிற்கும் பெட்டியிலோ உட்கார்ந்து உடல் முழுக்க ஆவி படவிடுவது ஒரு வகை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, போர்வையால் மூடிக்கொண்டு முகத்துக்கும் மார்புக்கும் ஆவி பிடிப்பது இன்னொரு வகை. தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் வழக்கம்.

ஆவி அறையின் வெப்பநிலை 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஈரப்பதம் 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். பின்லாந்தின் சானா அறையில் வெப்பம் 80 டிகிரிக்கு மேல் போனாலும் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை காய்ந்து உடலைக் குளிர்விக்கிறது. ஆவி அறையில் அதற்கு வழியில்லை. சுமார் 35 டிகிரி வெப்பமுள்ள தோலில் ஆவி பட்டு நீராகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை இறக்கிவிடுகிறது. உடம்பில் வழிந்தோடும் நீரில் ஒரு பகுதி வியர்வையே அல்ல, படிந்த ஆவி. வெப்பத்தை வெளியே தள்ள முடியாத உடல் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது, தசைகள் தளர்கின்றன. உடலின் உள்வெப்பமும் மெல்ல உயரும். 10 முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

வியர்க்க வைத்து நோய் தீர்க்கும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழையது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை தீயின் துணையால் வியர்வை வரவழைக்கும் 13 முறைகளைச் சொல்கிறது. குழாய் வழியே ஆவியை உடலில் செலுத்துவது அவற்றில் ஒன்று. பௌத்த வினய நூல், மருத்துவர் ஜீவகரின் யோசனைப்படி துறவிகளுக்கு வெப்பக் குளியல் அறை அனுமதிக்கப்பட்டதாகக் கூறுகிறது. ஜந்தாகரம் எனப்பட்ட அந்த அறைகளின் இடிபாடுகள் இலங்கையின் பழைய மடாலயங்களில் உள்ளன. முகலாயர் காலத்தில் ஹம்மாம் என்ற வெந்நீர்க் குளியல் கூடங்கள் பரவின.

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வேது எனப்படும் ஆவி பிடித்தலும் ஒன்று. ஒற்றடமும், தொக்கணம் என்ற உடல் பிடித்துவிடுதலும் இருக்கும் அதே வரிசை. நீர்க்கோவை, தலைபாரம், மூக்கடைப்புக்கு நொச்சி இலையே முதலில் நினைவுக்கு வருவது. வேப்பிலை, தைல இலை, மஞ்சள், ஓமம் ஆகியவையும் சேரும். இலைகளைப் போட்டு நீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கியபின் ஆவி பிடிப்பார்கள். செங்கல்லைப் பழுக்கக் காய்ச்சி மூலிகை நீரில் போட்டு ஆவி எழுப்பும் பழக்கமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு 5 முதல் 10 நிமிடம் பிடித்தால் போதும். பிறகு வியர்வையைத் துடைத்து, காற்றாடிக்கு நேரே உட்காராமல் இருக்கச் சொல்வார்கள்.

முழு உடல் நீராவிக் குளியல் மருத்துவமனைக்குள் வந்தது இயற்கை மருத்துவத்தின் வழியாக. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-இல் தொடங்கப்பட்டது. நீராவிக் குளியல் சிகிச்சையில் நோயாளி முன்கூட்டியே தண்ணீர் குடித்து, தலையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு பெட்டிக்குள் உட்காருவார்; முடிந்ததும் உடலைக் குளிரவைக்கும் குளியல் தரப்படும்.

தசை இறுக்கமும் மூட்டு விறைப்பும் தற்காலிகமாகக் குறைவது, மனம் தளர்ந்து உறக்கம் வருவது ஆகிய பலன்களைப் பலரும் உணர்கிறார்கள். உடலிலுள்ள நச்சு வியர்வையோடு வெளியேறும் என்ற விளம்பரத்துக்குத்தான் அடிப்படை இல்லை. வியர்வையில் 99 விழுக்காடு நீர், மிச்சம் பெரும்பாலும் உப்பு. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். எடை குறைவதும் நீர் இழப்பே, ஒரு சொம்புத் தண்ணீரில் திரும்பிவிடும். பின்லாந்தில் 2,315 ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு, அடிக்கடி சானா எடுத்தவர்களிடம் இதய நோய் மரணம் குறைவாக இருந்ததைக் காட்டியது. அது உலர் வெப்பம் பற்றியது. காரணத்தை நிறுவிய ஆய்வும் அல்ல. சளிக்கு ஆவி பிடிப்பது குறித்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு உறுதியான பலன் எதையும் காணவில்லை. மூக்கடைப்பு சற்று நேரம் விடுவது இதமானதுதான்; ஆனால் அது கிருமியைக் கொல்லும் வைத்தியம் அல்ல. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தமிழகத்தில் சில பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க ஏற்பாடானது. ஒருவரின் மூச்சு இன்னொருவருக்குத் தொற்றைத் தரும் என்பதால், அப்படிப் பிடிக்க வேண்டாம் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார்.

வடசென்னையின் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் இந்தக் குளியலைத் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. கடலோர ஈரக்காற்றில் சித்திரை, வைகாசி மாதங்களில் வியர்வை எளிதில் காய்வதில்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது முதல் உர, பெட்ரோ ரசாயன ஆலைகள் பெருகின. கொதிகலன் பக்கத்திலோ கன்டெய்னர் முனையத்தின் வெயிலிலோ ஷிப்ட் முடித்து வருபவரின் உடல் ஏற்கெனவே வெப்பத்தைச் சுமந்திருக்கும், நீரும் உப்பும் இழந்திருக்கும். அந்த நிலையில் ஆவி அறைக்குள் போவது அலுப்பைப் போக்காது, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். முதலில் தண்ணீரோ மோரோ குடித்து, நிழலில் உடல் ஆற வேண்டும். குளியலை மார்கழி, தைக்கோ வேலையில்லாத நாளுக்கோ வைத்துக்கொள்வதே நல்லது.

காற்று மாசும் இங்கே ஒரு காரணம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மணலி 76.32 புள்ளிகளோடு கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் இடம்பெற்றது. மூச்சுத் திணறலுக்கும் நாள்பட்ட இருமலுக்கும் ஆவி பிடித்தே காலம் தள்ளுவதில் ஆபத்து இருக்கிறது. நுரையீரலில் படிந்த நுண்துகளை ஆவி கழுவாது. ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சூடான ஈரக்காற்றே இழுப்பைக் கூட்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய வாயு தாக்கினால் அந்த இடத்தைவிட்டு விலகுவதும், கண்ணையும் தோலையும் நிறைய நீரால் கழுவுவதும், மருத்துவரிடம் போவதும்தான் வழி. ஆவி பிடிக்கக் கூடாது.

கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள், மது அருந்தியவர்கள், நிலையற்ற இதய நோயோ தாழ் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் முழு உடல் நீராவியைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களும், நீரிழிவால் கால் மரத்தவர்களும் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். மரத்த காலுக்குச் சூடு தெரியாது.

வீட்டில் நேரும் விபத்து பெரும்பாலும் ஆவியால் அல்ல, கவிழும் வெந்நீரால். தரையில் அண்டாவை வைத்துப் போர்வைக்குள் குழந்தையை உட்கார வைத்தால், கால் பட்டதும் நீர் மடியில் கொட்டிவிடும். ஆடாத மேசையில் அகலமான பாத்திரத்தை வைக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இம்முறையே வேண்டாம். குக்கர் விசில் முனையில் குழாய் மாட்டி ஆவி எடுப்பது அதைவிட மோசம். குழாய் அடைத்தால் அழுத்தம் ஏறும், வெளிவரும் ஆவி தோலை வேகவைக்கும்.

பொது ஆவி அறைகளில் இருக்கையையும் தரையையும் நாள்தோறும் கழுவிக் காயவிடாவிட்டால் படர்தாமரை, சேற்றுப்புண் பரவும். வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி வளரக்கூடும் என்பதால், ஆவி எழுப்பும் கருவியின் தொட்டியை முறையாக வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.