முரளி என்றொரு பெயர்

முரளி என்றால் புல்லாங்குழல். அதை ஏந்திய கண்ணன் முரளிதரன். கூப்பிடும் அவசரத்தில் ஏந்தியவன் உதிர்ந்துபோக, குழல் மட்டும் எஞ்சியது. திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் வாங்கி ஊதும் விளையாட்டுக் குழலும் அதுவே. இசையுலகில் முரளிகிருஷ்ணா என்ற சிறுவனின் பெயரோடு ‘பால’ சேர்ந்து பாலமுரளிகிருஷ்ணா ஆனது. தமிழ்த் திரைக்கு ஒரு முரளியை ‘பூவிலங்கு’ (1984) தந்தது.

கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன், 2010 யூலை 22இல் காலி மைதானத்தில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். போர் நடந்த ஆண்டுகளிலும் தென்னிலங்கை இரசிகர்கள் அந்தத் தமிழ்ப் பெயரை உரிமையோடு கூவினர். தமிழர்களிடையிலோ அவர்பற்றிய மனத்தாங்கல் நீடித்தது. அவரது கதையைப் படமாக்க முனைந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பெழுந்தது. 2020இல் விஜய் சேதுபதி விலகினார். வேறொரு நடிகருடன் ‘800’ 2023இல் வெளியானது.

கண்டி வீதியிலுள்ள மாங்குளம், 1990 முதல் 2008 வரை பலமுறை கைமாறிய போர்க்களம். அங்கும் 2012இல் ‘முரளி கிண்ண’ ஆட்டங்கள் நடைபெற்றன. தீவின் பல திசைகளிலிருந்தும் இளைஞர் அணிகள் வந்தன. ஒருவரின் பெயரைச் செல்லமாகச் சுருக்குவது எளிது; பெயருக்குரியவரை முழுதாக ஏற்பது எளிதன்று.