காலியாக விடப்பட்ட கூடம்

நீலகிரித் தோடர்களைப் பற்றி எழுதப் புகும் எவரும் 1906இல் வெளிவந்த 'தி தோடாஸ்' என்னும் நூலைத் தாண்டிச் செல்ல இயலாது. அதை எழுதிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் குலவழிகளையும் எருமைப் பால்மனைச் சடங்குகளையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். அதே ரிவர்ஸ்தான் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனையில், முதல் உலகப் போரில் மனம் முறிந்து வந்த அதிகாரிகளின் முன் அமர்ந்து அதே பொறுமையோடு அவர்கள் பேசுவதைக் கேட்டார். போர்க்கவிதை வாசகர்களுக்கு இவர் சீக்ஃப்ரிட் சசூனின் மருத்துவர். நமக்கோ தோடர்களின் ஆய்வாளர். இரண்டும் ஒரே மனிதர் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

அக்காலத்தில் 'ஷெல் ஷாக்' என்று பெயரிடப்பட்ட அந்நோயைக் கோழைத்தனத்திலிருந்து பிரித்தறிய இராணுவம் பெரிதும் முயலவில்லை. போர்க்களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்கள் 306 பேருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது 2006ஆம் ஆண்டில்தான். அத்தகைய சூழலில், கொடிய நினைவுகளை மறந்துவிடு என்று அறிவுறுத்துவதே நோயை வளர்க்கிறது, அவற்றை எதிர்கொண்டு வேறு கோணத்தில் பார்க்கப் பழகுவதே வழி என்று ரிவர்ஸ் கூறினார். அவருடைய கட்டுரை 1918இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அதே மருத்துவமனையில் ஆர்தர் ப்ராக் என்னும் மருத்துவர் வேறொரு வழியைக் கையாண்டார். சோர்ந்து கிடப்பவனைச் செயலில் இறக்குவது அவருடைய முறை. அவரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃப்ரட் ஓவன் மருத்துவமனை இதழான 'தி ஹைட்ரா'வின் ஆசிரியராக்கப்பட்டார். எண்ணத்தை மாற்றிப் பார்ப்பது, செயலுக்குத் திரும்புவது: இன்று அறிகை-நடத்தைச் சிகிச்சை என்று நாம் அழைக்கும் முறையின் இரு கால்களும் அங்கே தனித்தனியே ஊன்றியிருந்தன எனலாம். ஆயினும் அது அதிகாரிகளுக்கான மருத்துவமனை. ஒரு நோயாளிக்கு ஒரு மருத்துவர் என்னும் வசதி அங்கே இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு அது ஏது?

சிப்பாய்களைக் கூட்டமாக அமர்த்திக் குணப்படுத்தலாம் என்னும் எண்ணம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரில்தான். பர்மிங்காமுக்கு அருகே நார்த்ஃபீல்டில் இருந்த ஹாலிமூர் மனநல மருத்துவமனையை 1942இல் இராணுவம் எடுத்துக்கொண்டது. அங்கே பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பேற்று வந்தவர் வில்ஃப்ரட் பியான். 1897இல் நம் மதுராவில் பிறந்தவர்; எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர்; 1917இல் காம்ப்ரே போரில் டாங்கிப் படை அதிகாரியாகப் போரிட்டு உயரிய விருது பெற்றவர். அவருடைய தோழர் ஜான் ரிக்மனோ, முதல் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து ரஷ்யாவில் நிவாரணப் பணி செய்த குவேக்கர். இந்த இணையைக் கற்பனையில் ஒரு நாவலாசிரியன் படைத்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

பொறுப்பேற்ற சில மணி நேரத்திலேயே பியானின் அறைக்கு முறையீடுகளோடு நோயாளிகள் வரத் தொடங்கினர். ஒவ்வொன்றையும் தீர்த்துவைப்பதை விடுத்து அவர் சில விதிகளை அறிவித்தார். நாள்தோறும் ஒரு மணி நேர உடற்பயிற்சி கட்டாயம். ஒவ்வொருவரும் தச்சுவேலை, கைவினை, வரைபட வாசிப்பு போன்ற ஏதேனும் ஒரு குழுவிலாவது சேர வேண்டும். விரும்பினால் புதிய குழு தொடங்கலாம். இயலாதவர் ஓய்வறைக்குச் சென்று அமைதியாகப் படிக்கலாம், எழுதலாம். நண்பகல் 12.10க்கு அனைவரும் கூடிப் பிரிவின் நிலைமையைப் பேச வேண்டும். கண்ணாடிச் சுவர்களுக்குள் நடப்பதை வெளியே நின்று பார்ப்பதுபோல் வீரர்கள் தங்களையே பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

சில நாள்களில் ஒரு புகார் எழுந்தது. நூற்றுக்கு இருபது பேரே வேலை செய்கின்றனர், மற்றவர்கள் ஏய்த்துத் திரிகின்றனர் என்று வீரர்களே முறையிட்டனர். இராணுவ மரபுப்படி அதிகாரி தண்டனை விதித்திருக்க வேண்டும். பியான் மறுத்தார். இது உங்கள் குழுவின் நோய். காரணத்தை நீங்களே ஆராயுங்கள் என்று திருப்பி அளித்தார். படிப்படியாகப் பிரிவின் முகமே மாறியது. ஆனால் ஆறு வாரங்களில் பியானும் ரிக்மனும் அங்கிருந்து மாற்றப்பட்டனர். மேலிடம் ஒழுங்கின்மையைக் கண்டு அஞ்சியது என்பர். மேலிடத்தை முற்றிலும் குறை கூறவும் எனக்கு மனமில்லை. தன் மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்பதை அத்தலைமைக்கு எடுத்துச் சொல்லும் முயற்சியில் பியான் அதிக அக்கறை காட்டவில்லை. தம் கட்டளைக்கு உட்பட்டவர்களைக் குழுவாகப் பார்த்தவர், தமக்கு மேலே இருந்தவர்களும் அதே குழுவின் பகுதி என்பதைக் காணத் தவறினார் என்றே தோன்றுகிறது. சோதனையின் விவரம் 1943 நவம்பரில் 'லான்செட்'டில் வந்தது.

பின்னர் வந்தோர் அப்பாடத்தைக் கற்றிருந்தனர். முதற்போரில் ஜெர்மானிய இராணுவத்தில் பணிபுரிந்து, 1933இல் யூதர் என்ற காரணத்தால் நாட்டை விட்டு வெளியேறிய ஃபூக்ஸ், ஃபோக்ஸ் எனப் பெயரை மாற்றிக்கொண்டு அங்கே பிரிட்டிஷ் வீரர்களைச் சிறு குழுக்களாக அமர்த்திப் பேசவைத்தார். ஹாரல்ட் பிரிட்ஜரோ மருத்துவரே அல்லர். கணித ஆசிரியராக இருந்து பீரங்கிப் படைக்குச் சென்றவர். அவர் செய்தது எளியது. மருத்துவமனையின் நடுவே ஒரு கூடத்தை ஒழித்து, அதற்கு மன்றம் என்று பெயர் சூட்டி, நாற்காலி மேசைகூட இல்லாமல் வெறுமையாக விட்டுவிட்டார். நாள்கள் சென்றன. யாரும் எதுவும் செய்யவில்லை. இறுதியில் வீரர்கள் கொதித்தெழுந்து கூட்டம் போட்டனர். போர்க்காலத்தில் பொதுப்பணமும் இடமும் இப்படி வீணாகலாமா என்று கேட்டனர். பிரிட்ஜர் அதற்காகத்தான் காத்திருந்தார். கோபம் கொண்டவர்களே கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கினர். உளச்சோர்வில் மூழ்கியவனுக்குக் கோபம் வருவதே ஒரு முன்னேற்றம் என்பதை அருகிருந்து பார்த்தவர்கள் அறிவர். 1945இல் வந்த டாம் மெயின், மருத்துவமனை முழுவதையுமே ஒரு சிகிச்சைச் சமூகமாகக் கருதி மறு ஆண்டு கட்டுரை எழுதினார்.

இதே காலத்தில் வட லண்டனில் மில் ஹில் பள்ளிக் கட்டடத்தில் மாக்ஸ்வெல் ஜோன்ஸ் கண்டதும் குறிப்பிடத்தக்கது. படபடப்பு, நெஞ்சுவலியோடு வந்த வீரர்கள் தம் இதயம் கெட்டுவிட்டதாக உறுதியாக நம்பினர். சுமார் நூறு பேரை ஒன்றாக அமர்த்தி, அச்சத்தின்போது உடலில் நிகழ்வது என்ன என்று அவர் பாடம் நடத்தினார். பாடத்தைவிட அதன்பின் அவர்களுக்குள் நடந்த உரையாடலே அதிகப் பயன் தந்தது. பழைய நோயாளி புதியவனுக்கு விளக்கலானான். தவறான நம்பிக்கையைத் தெளிவான விளக்கத்தால் தளர்த்துவது என்பது பின்னாளைய முறையின் உயிர்நாடி அல்லவா?

அம்முறையை வகுத்த ஆரன் பெக், கொரியப் போர்க்காலத்தில் பென்சில்வேனியாவின் வாலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றியவர். உளச்சோர்வு பற்றி அவர் சகாக்களோடு 1979இல் வெளியிட்ட நூலில் குழுச் சிகிச்சைக்கென ஓர் இயலே உண்டு. டெக்ஸாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் பணியிலிருந்த 268 வீரர்களிடம் பாட்ரிசியா ரெசிக் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் அச்சாயிற்று. போர் அதிர்ச்சிக்கான அறிகைச் சிகிச்சையை ஒரு பிரிவினர் தனியாகவும் மறு பிரிவினர் குழுவாகவும் 12 அமர்வுகளில் பெற்றனர். அதிர்ச்சியின் அறிகுறிகள் தனிச் சிகிச்சையில் அதிகம் குறைந்தன. உளச்சோர்வோ இரண்டிலும் ஒரே அளவில் குறைந்தது. இம்முடிவைப் படித்தபோது பிரிட்ஜரின் வெற்றுக் கூடமே நினைவுக்கு வந்தது.

இவ்வளவு நன்மைக்கும் அடியில் ஓர் உறுத்தல் உண்டு. இராணுவம் தன் வீரனைக் குணப்படுத்துவது அவனுக்காகவா, தனக்காகவா? சசூனும் ஓவனும் நலமடைந்து களத்திற்கே திரும்பினர். ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, போர் முடிவதற்குச் சரியாக ஒரு வாரத்திற்கு முன், கொல்லப்பட்டார். ரிவர்ஸ் இக்கேள்வியால் தம் கனவுகளிலும் அலைக்கழிக்கப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். நார்த்ஃபீல்டின் கட்டுரைகளில் அந்தத் தவிப்பை நான் அவ்வளவாகக் காணவில்லை.

பியான் பிற்காலத்தில் குழுக்களை விட்டுத் தனிமனிதப் பகுப்பாய்வுக்கே திரும்பிவிட்டார். எட்டு வயதில் இந்தியாவை விட்டுச் சென்றவர் மீண்டும் இங்கு வந்ததே இல்லை. 1980 ஜனவரியில் மும்பைக்கு வருவதாக ஏற்பாடு இருந்தது. 1979 நவம்பரில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.