காட்சிப்படுத்தும் கணினிக் கொத்து

கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பல கணினிகளை அதிவேக வலையமைப்பில் இணைத்து, ஒரே காட்சியைப் பங்கிட்டு வரையச் செய்யும் அமைப்பு காட்சிப்படுத்தும் கணினிக் கொத்து ஆகும். கொத்தில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. வானிலை, வானியல், பாய்ம இயக்கவியல் ஆகிய துறைகளில் மீக்கணினிகள் தரும் தரவு, தனிக்கணினி ஒன்றின் நினைவகத்தில் அடங்குவதில்லை. அதைக் கண்ணால் பார்த்து ஆராய வேண்டிய தேவையே இக்கொத்துகளைத் தோற்றுவித்தது.

திரைப்பட நிறுவனங்களின் ரெண்டர் ஃபார்மை இதனுடன் சேர்த்து எண்ணக் கூடாது. 1995இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’ படத்துக்காக பிக்சார் நிறுவனம் 117 சன் கணினிகளை இயக்கியது. அங்கே ஃபிரேம்கள் தனித்தனியே கணினிகளுக்குப் பகிர்ந்து தரப்பட்டன. ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கில் ஆனாலும் குறையில்லை. காட்சிப்படுத்தும் கொத்தில் எல்லாக் கணுக்களும் ஒரே ஃபிரேமில் வேலை செய்கின்றன. ஆய்வாளர் மவுஸை நகர்த்தினால் காட்சியும் உடனே திரும்ப வேண்டும்.

தோற்றம்

1990களில் இத்துறை சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி ஆகியோர் உருவாக்கி 1992இல் சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் காட்டிய ‘கேவ்’ எனும் சூழ்திரை அறையும் அந்நிறுவனக் கணினிகளால்தான் இயங்கியது. அந்நிறுவனத்தின் ஓனிக்ஸ் வரிசைக் கணினிகள் திறம் மிக்கவை. ஆனால் விலை லட்சக்கணக்கான டாலர். பெரிய ஆய்வகங்கள் தவிர மற்றவற்றுக்கு எட்டாதவை.

இந்நிலை இரு திசைகளிலிருந்து மாறியது. 1994இல் நாசா கொடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளை ஈதர்நெட்டில் இணைத்து ‘பேயோவுல்ஃப்’ கொத்தை அமைத்தனர். 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 கார்டு வந்தபின், வீட்டில் விளையாட வாங்கும் கார்டே முப்பரிமாணக் கணிப்புகளைச் செய்யத் தொடங்கியது. மலிவான கொத்தும் மலிவான கார்டும் கிடைத்துவிட்டன; இரண்டையும் பிணைக்கும் மென்பொருள்தான் இல்லை.

அதைத் தந்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். கிரெக் ஹம்ஃப்ரீஸ், பாட் ஹன்ரஹன் குழுவினர் 2001இல் ‘வயர்ஜிஎல்’ மென்பொருளையும் 2002இல் அதன் வழிவந்த ‘குரோமியம்’ மென்பொருளையும் வெளியிட்டனர் (இதே பெயரிலுள்ள இணைய உலாவி வேறு). நிரல்கள் படம் வரையப் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல் நூலகம் இருந்த இடத்தில் குரோமியம் அமர்ந்துகொள்ளும். பயன்பாட்டு நிரல் அனுப்பும் வரைகட்டளைகளை இடைமறித்து, பொதிகளாகக் கட்டி, உரிய கணுக்களுக்கு அனுப்பும். நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இத்துறையின் உண்மையான திருப்பம் இதுவே.

வகைப்பாடு

ஸ்டீவன் மோல்னர், மைக்கேல் காக்ஸ், டேவிட் எல்ஸ்வர்த், ஹென்றி ஃபுக்ஸ் ஆகியோர் 1994இல் எழுதிய கட்டுரையின் வகைப்பாடே இன்றும் அடிப்படை. முக்கோணங்கள் எந்தப் படப்புள்ளியில் விழும் என்று பிரிப்பதை அவர்கள் வரிசையாக்கம் என்றனர். அது எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதைக் கொண்டு முதல், இடை, கடை என மூன்று வகை.

முதல் வரிசையாக்கத்தில் திரையே பங்கிடப்படும், கணுவுக்கு ஒரு பகுதி. பல திரைகளை அடுக்கிய காட்சிச்சுவருக்கு இது இயல்பாகப் பொருந்தும். பொருள்களெல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிட்டால் ஒரு கணு திணற, மற்றவை சும்மா நிற்கும். இடை வரிசையாக்கம் சிலிக்கன் கிராபிக்ஸ் போன்றோரின் தனி வன்பொருளுக்கு உரியது. கடைகளில் கிடைக்கும் கார்டு தன் வேலையை நடுவில் நிறுத்தி வெளியே தருவதில்லை என்பதால் கொத்துகளில் அதற்கு இடமில்லை.

கடை வரிசையாக்கத்தில் திரைக்குப் பதில் தரவு பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு கணுவும் தன்னிடமுள்ள பகுதியை முழு அளவுப் படமாக வரையும். பிறகு புள்ளிக்குப் புள்ளி ஆழத்தை ஒப்பிட்டு, கண்ணுக்கு அருகிலுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால் முழுப்படம் கிடைக்கும். தரவு பெருகினால் கணுக்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே அறிவியல் தரவுக்கு ஏற்றது இதுவே.

இதன் இடர் வலையமைப்பில் இருக்கிறது. 1920 x 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் புள்ளிக்கு நிறம் 4 பைட், ஆழம் 4 பைட் என்றால் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 16.6 மெகாபைட். எட்டுக் கணுக்களில் ஏழும் தம் படத்தை எட்டாவதற்கு அனுப்பினால் 116 மெகாபைட். கிகாபிட் ஈதர்நெட் விநாடிக்குத் தாங்குவது 125 மெகாபைட். அதாவது விநாடிக்கு ஒரு படம் தேறுவதே பெரிது. 1994இல் குவான்-லியு மா முதலியோர் முன்வைத்த இரும மாற்றுமுறை இதைத் தணித்தது. முதல் சுற்றில் கணுக்கள் இணை இணையாகச் சேர்ந்து பாதிப் படத்தை மாற்றிக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் கால்பங்கு, மூன்றாம் சுற்றில் அரைக்கால். முடிவில் ஒவ்வொரு கணுவிடமும் முழுமையாகச் சேர்க்கப்பட்ட எட்டில் ஒரு பகுதி இருக்கும். இச்சுற்றுகளில் எந்தக் கணுவும் ஒரு முழுப்படத்தின் அளவைக்கூட அனுப்புவதில்லை. கடைசியில் நிறத்தை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தால் போதும்.

சாண்டியா ஆய்வகத்தில் கென்னத் மோர்லாண்டு உருவாக்கிய ‘ஐஸ்டி’ நூலகம் இவ்வகை முறைகளோடு வெற்றுப் புள்ளிகளை அனுப்பாமல் விடும் சுருக்கத்தையும் சேர்த்தது. அறிவியல் தரவைக் காட்சிப்படுத்தும் பாராவியூ மென்பொருள் கணுக்களின் படங்களைச் சேர்க்க அதைப் பயன்படுத்துகிறது.

காட்சிச்சுவர்கள்

நாசா ஏம்ஸ் மையத்தின் ஹைப்பர்வால்-2 சுவரில் (2008) 128 திரைகளும் 128 கிராபிக்ஸ் செயலிகளும் இருந்தன. அதே ஆண்டில் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 75 திரைகள் கொண்ட ‘ஸ்டாலியன்’ சுவரை நிறுவியது. இவற்றில் எல்லாக் கணுக்களும் ஒரே கணத்தில் படத்தை மாற்ற வேண்டும்; ஒன்று பிந்தினாலும் நகரும் உருவம் திரைகளின் விளிம்பில் முறிந்து தெரியும்.

இன்று

தனிக் காட்சிக் கொத்துகள் குறைந்து, மீக்கணினியில் கணிப்பு நடக்கும்போதே அங்கேயே படம் வரையும் முறை பரவிவருகிறது.