அம்மன் காசும் அப்டேட்டும்

1948 மார்ச் 3 வரைக்கும் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அங்கே பிரிட்டிஷ் இந்திய ரூபாயும் செல்லும், கூடவே அம்மன் காசும் செல்லும். பொடிச் செம்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. மேலேயிருந்து வந்த ஏற்பாட்டுக்குள்ள ஊர் வச்சிருந்த சொந்தத் திருத்தம்னு அதைச் சொல்வேன். இன்னிக்குப் பேசப்போறதும் அப்படியொரு திருத்தம்தான், ஆனா கம்ப்யூட்டருக்குள்ள.

2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. அறந்தாங்கி, ஆலங்குடினு அரசுப் பள்ளிப் பிள்ளைங்க கைக்கு வந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சென்னை சி-டாக் உருவாக்கினது, அடித்தளம் டெபியன். நிறைய பேர் அந்தப் பக்கமே போகல, அது தனி எபிசோடுக்கான சோகம். போனவங்களுக்கு ஒரு புது உலகம்: கான்ஃபிக் ஃபைலைத் திறந்து நாலு வரி மாத்தினா மெஷின் நம்ம சொல்படி கேட்கும். அப்டேட் வரும்போது புது கான்ஃபிக் ஃபைலும் கூடவே வருமே, அப்போ நம்ம நாலு வரி என்ன ஆகும்?

டெபியனை 1993-ல் தொடங்கினவர் இயன் முர்டாக். அதுல பேக்கேஜ்களை நிறுவுற டிபிகேஜி கருவியைப் பின்னாடி சி மொழியில் திருப்பி எழுதினவர் இயன் ஜாக்சன். (ஆமா, ரெண்டு இயன்.) போன தடவை தான் கொடுத்த ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எம்டி5 எண்ணை டிபிகேஜி குறிச்சு வச்சுக்கும். அப்டேட் அன்னிக்கு, அப்போ கொடுத்தது, இப்போ டிஸ்க்ல இருக்கிறது, புதுசா வந்தது, மூணையும் ஒப்பிடும். நீங்க கை வைக்கலேன்னா சத்தமில்லாம புதுசைப் போட்டுடும். நீங்க மட்டும் மாத்தியிருந்தா உங்களோடதை விட்டுடும். ரெண்டு தரப்பும் மாத்தியிருந்தா மட்டும்தான் நின்னு கேட்கும்: புதுசா, பழசா, வித்தியாசத்தைக் காட்டவா?

ரெட் ஹாட் பக்கத்து ஆர்பிஎம் இப்படிக் கேட்காது. ஒண்ணை வச்சுட்டு இன்னொண்ணை வேற பேர்ல ஓரமா போட்டுட்டுப் போயிடும். நூறு சர்வரை ஆளில்லாம அப்டேட் பண்றவங்களுக்கு அது வசதி. எனக்குக் கேட்கிறதுதான் பிடிக்கும்.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. அந்தக் கேள்விக்கு என்டர் தட்டினா ‘பழசே இருக்கட்டும்’னு அர்த்தம். யோசிக்காம ஒவ்வொரு தடவையும் என்டர் தட்டினா, புது ஃபைல்ல பாதுகாப்புக்காக மாத்தின வரி உங்க மெஷினுக்கு வரவே வராது. ஒரு லேப் சர்வர்ல அந்த நாலு வரியை எழுதினவர் ட்ரான்ஸ்ஃபர்ல போயிருப்பார். அது எதுக்குன்னு புதுசா வந்தவருக்குத் தெரியாது, தொடவும் பயம். அதனாலதான் இப்போ பல மென்பொருள்கள் மூல ஃபைலைத் தொடாம, பக்கத்துல தனி ஃபோல்டர்ல நம்ம வரிகளை மட்டும் வைக்க இடம் தருது. அப்பாச்சி, சூடோ ரெண்டுலயும் உண்டு.

உங்ககிட்ட டெபியன், உபுண்டு, பாஸ் எது இருந்தாலும், ஈடிசி ஃபோல்டர்ல ‘டிபிகேஜி-டிஸ்ட்’னு முடியற ஃபைல் இருக்கானு தேடிப் பாருங்க. எப்போவோ நீங்க வேண்டாம்னு சொன்ன புது ஃபைல் அதுதான். உங்களோடதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை படிச்சிடுங்க.